பன்கோமுக்காக ஒரு பேச்சு

1926 பிப்ரவரி 8, திங்கள்

மழை விடவில்லை. பள்ளிக்கூடத்துக் கணப்பில் ஈர விறகு. பிள்ளைகள் லத்தீனோடு சேர்த்துப் புகையையும் விழுங்கினார்கள். இரண்டில் எது உள்ளே தங்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் அப்பாவின் தர்பார். ஹிக்கரி கோவ் பள்ளத்தாக்கின் நீதிபதி, எழுபத்தாறு வயது ஸ்கொயர் பிங்க்னி பிளெம்மன்ஸ். இந்த மலையில் கோழித் திருட்டு வழக்கைத் தீர்த்து வைப்பவருக்கும் ஸ்கொயர் என்ற பட்டம் உண்டு. எதிரே கடைக்கார ஓலன் ஸ்லூடர், என்னோடு படித்தவன், முதல்முறை கேட்பவன்போல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வருஷமாக அதே கதைதான்.

"அந்தக் குளிர்காலம் முழுக்க நம்ம மெம்பருக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ஓலன். ஒரு வார்த்தை வரல. எங்கப்பாதான் கோவேறு கழுதை மேல தேன் ஜாடிய வச்சுக் கட்டிக்கிட்டு வாஷிங்டன் வரைக்கும் போனாரு. பேச்சே வராத மனுஷன் எங்கேர்ந்துய்யா சபையில வெட்டிப் பேச்சுப் பேசுவான்? எல்லாம் வடக்கத்திப் பத்திரிகைக்காரன் கட்டின கதை!"

"அதானே, ஸ்கொயர்!" என்றான் ஓலன்.

அதானே என்று சொல்வதற்கென்றே ஒரு மனிதன் பிறவி எடுத்திருக்கிறான். நான் அடுப்படிக்குப் போய்ச் சோளரொட்டிக்கு மாவு கரைத்தேன்.


பிப்ரவரி 9, செவ்வாய்

தூக்கம் வராத எரிச்சலில் நடந்ததை எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் ஒரு காகிதத்திலாவது உண்மை இருக்கட்டும்.

1820-இல் வாஷிங்டன் சபையில் அடிமை முறை பற்றிய பெரிய விவாதம். எல்லாரும் களைத்துப்போய் ஓட்டெடுப்புக்குக் காத்திருந்தார்கள். அப்போது எங்கள் பன்கோம் மாவட்டத்து மெம்பர் எழுந்து நின்றார். உட்காரு உட்காரு என்று கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. சிலர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்களையும் போகச் சொல்லிவிட்டாராம்: நான் பேசுவது உங்களிடம் இல்லை, பன்கோமுக்காகப் பேசுகிறேன் என்று. ஊரில் ஓட்டுப் போட்டவர்கள் தன் பேச்சை எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். பேச்சு பிற்பாடு பத்திரிகையில் அச்சாகியும் வந்தது. அதற்குப் பிறகு வெற்றுப் பேச்சுக்கெல்லாம் எங்கள் மாவட்டத்தின் பெயரே பெயராகிவிட்டது. காலப்போக்கில் அது தேய்ந்து "பங்க்" என்றானது. உலகத்தில் எவன் எங்கே உளறினாலும் எங்கள் ஊரைத்தான் சொல்கிறான்.

சரியாகத்தான் சொல்கிறான்.


பிப்ரவரி 12, வெள்ளி

கல்வி அதிகாரி விட்டுப்போன நியூயார்க் பத்திரிகையில் ஒரு புதுச் சொல் பார்த்தேன். டிபங்க். ஒரு பேச்சிலிருந்து பங்க்கை எடுத்துவிடுவது. மீனிலிருந்து முள்ளை எடுப்பதுபோலவாம். மூன்று நான்கு வருஷம்தான் ஆகிறதாம் இந்தச் சொல் பிறந்து. அதற்குள் ஒரே பக்கத்தில் ஏழெட்டு இடத்தில் போட்டிருக்கிறான் கட்டுரைக்காரன்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். நூறு வருஷமாக நாங்கள் உற்பத்தி செய்து உலகத்துக்கு அனுப்பினோம். இப்போதுதான் அதை அள்ளிக் கொட்ட ஒரு கரண்டி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சாப்பாட்டின்போது அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மோர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"இப்படி ஒரு சொல்லா? நம்ம ஊரை நறுக்கி முன்னால ஒரு வால ஒட்டிட்டானா?"

"ஆமாம்பா. இனிமே நீங்க பேசறத அப்புறப்படுத்தறதுக்கும் ஒரு பேர் இருக்கு."

அவருக்குக் குத்தல் புரியாது. தன்னைக் குத்த யாரும் துணிவார்கள் என்றே அவர் நினைத்ததில்லை.


பிப்ரவரி 20, சனி

இன்று வந்தவர் கர்னல் ரோஸ்கோ வான்ஹூக். எந்தப் படையிலும் இருந்ததில்லை. ஆஷ்வில்லில் மனை விற்கிறார். இப்போது மனை விற்பவர்கள் எல்லாருமே கர்னல்கள்தான். செங்குத்தான பாறையைக் காட்டி, இங்கேதான் உங்கள் ரோஜாத் தோட்டம் என்கிறார்கள். வடக்கிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கர்னலுக்கு ஒரு மனக்குறை. "வடக்கத்தியான் மாவட்டத்தோட பேரக் கேட்டதும் சிரிக்கிறான், ஸ்கொயர். பன்கோமிலயா நிலம், அப்ப நிலமும் பங்க்தானான்னு கேக்கறான். நான் எங்க போய் முட்டிக்கறது?"

அதனால் கோடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சிடப் போகிறாராம். அதில் அந்தச் சொல் எங்கள் ஊரில் பிறந்ததே இல்லை என்று ஆதாரத்தோடு நிரூபிக்கவேண்டும். ஹிக்கரி கோவ் விவாதக் கழகம் பழம்பெரும் கழகம் அல்லவா? பொது விவாதம் வைப்போம், ஜெயிக்கிற கட்சியின் வாதம் அப்படியே அச்சேறும் என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. புது மாப்பிள்ளை தோற்றான்.

"எதிர்த்துப் பேச ஆள் வேணுமே?" என்றார் வான்ஹூக். "இந்தப் பள்ளத்தாக்குல எவனாவது ஸ்கொயர எதிர்ப்பானா?"

நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "நான் எதிர்க்கறேன்" என்றேன்.

ஓலன் இருமினான். அப்பா என்னையே பார்த்தார். பிறகு சந்தோஷமாகத் தொடையைத் தட்டினார். "பேசட்டும்யா! பிளெம்மன்ஸ் ரத்தம்!"

என்னையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இதற்கே அவரைத் தோற்கடிக்கவேண்டும்.


மார்ச் 3, புதன்

ஊர் முழுக்க இதே பேச்சு. பெற்ற தகப்பனை மேடையேறி எதிர்க்கும் மகள். போதகர் ஹைரம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், கையில் தொப்பியோடு.

"மிஸ் ஆர்ஃபா, தகப்பன கனம்பண்ணுன்னு வேதத்துல இருக்கில்ல?"

"பொய் சொல்லாதேன்னும் அதே பக்கத்துல இருக்கு, போதகரே."

தலையைச் சொறிந்துகொண்டு போனார். மூன்று நடுவர்களில் இவர் ஒருவர். மற்ற இருவர் ஓலனும் வான்ஹூக்கும். என்ன நீதிமன்றம்!


மார்ச் 7, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் தாத்தாவின் கல்லைப் பாசி சுரண்டிப் படித்தேன். பிறப்பு 1816.

நாலு வயது. தேன் ஜாடியோடு கோவேறு கழுதை ஏறி மலை தாண்டி வாஷிங்டன் போனவருக்கு அப்போது நாலு வயது.

கல் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. வருஷா வருஷம் மே மாதம் ஊரே வந்து அதற்குப் பூ வைக்கிறது. அப்பாவே அதன் பக்கத்தில் நின்று சொற்பொழிவாற்றுகிறார். ஒருத்தராவது கழித்துப் பார்த்ததுண்டா? கதை நன்றாக இருந்தால் போதும் இவர்களுக்கு. கணக்குப் போடுவது அந்நியர் வேலை.


மார்ச் 16, செவ்வாய்

பெரிய வகுப்புக்கு கன்ஃபுட்டாரே என்ற லத்தீன் வினைச்சொல் எடுத்தேன். இன்று எதிர்வாதத்தை முறியடிப்பது என்று பொருள். பழங்காலத்தில் அது சமையலறைச் சொல்லாக இருந்தது. அண்டா பொங்கி வழியப் போகும்போது சமையற்காரன் கரண்டியால் அடக்குவானே, அது. வக்கீல்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த அர்த்தம்தான் பிடித்திருக்கிறது. என் வீட்டில் ஒரு அண்டா நாற்பது வருஷமாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது.

செய்தித்தாள்காரர்களுக்கு யாராவது இதைக் கற்றுக்கொடுத்தால் தேவலை. மேயர் மறுத்தார், மனைக் கம்பெனி மறுத்தது என்று தினமும் போடுகிறார்கள். என்ன மறுத்தார்கள்? இல்லை என்று உரக்கச் சொன்னார்கள். அது மறுப்பா? காரணம் காட்டவேண்டும். எதிராளி வாயடைத்து நிற்கவேண்டும். வெறுமனே இல்லை என்று கத்த எங்கள் கோவேறு கழுதைக்கும் தெரியும்.


மார்ச் 19, வெள்ளி

கழகத்தின் விதிகளை ஓலன் கடையில் ஒட்டியிருக்கிறான். அதில் ஒன்று வேறெங்கும் கிடையாது. எதிர்த்துப் பேசுகிறவர் முதலில் எதிராளியின் வாதத்தை முழுதாக, அவரே சொல்வதுபோலச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, "உங்கள் வாதம் இதுதானா?" என்று கேட்கவேண்டும். அவர் எழுந்து "அதுதான் நான் சொன்னது" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கத் தொடங்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுப்பே கிடையாது, தோல்விதான்.

அருமையான விதி என்று பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட வந்து பாராட்டுகிறார்கள். இதை எழுதியவர் என் அப்பா. எதற்காக எழுதினார் என்று எனக்கல்லவா தெரியும்? அவர் பேச்சு ஒரே மேடையில் இரண்டு தடவை கேட்கவேண்டும். எதிராளி வாயாலும்.


மார்ச் 28, ஞாயிறு

என் குறிப்பைத் திரும்பப் படித்தேன். தாத்தாவின் வயதே போதும். ஆனால் அது போதாது எனக்கு. இதை எழுதத்தான் வேண்டும்.

அவருடைய எல்லாச் சொற்பொழிவும் ஒரே இடத்தில்தான் முடியும். குரலைத் தாழ்த்திக்கொள்வார். "பன்கோம்காரனுக்குப் பேச்ச நிறுத்தத் தெரியாதுன்னா சொல்றீங்க? என் டெல்ஃபி கண்ண மூடின அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசல. அவ கை என் கைக்குள்ள இருந்துச்சு. நான் பேசினதுலயே பெரிய பேச்சு அதுதான்." பெண்கள் கைக்குட்டை நுனியால் கண் துடைப்பார்கள். பதினைந்து வருஷமாகத் துடைக்கிறார்கள்.

பொய். பச்சைப் பொய். அம்மா செத்த அன்று அவர் மார்ஷல் ஊரில் கட்சி விருந்தில் மேடைமேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பினேன். பேச்சு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவின் கையைப் பிடித்திருந்தது நான். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் பேசிட்டிருக்காரா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன? ஏன் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும்? மேடையில் வைத்தே சொல்வேன். இந்தச் சாட்சியின் ஞாபகம் எவ்வளவு யோக்கியம் என்று பாருங்கள் என்பேன். தாத்தாவின் வயது தலையைத் தட்டும், இது ஆளையே சாய்த்துவிடும்.

செய்யத்தான் போகிறேன்.


ஏப்ரல் 6, செவ்வாய்

அப்பா நாயை "டிரம்" என்று கூப்பிட்டார். டிரம் எங்கள் பழைய நாய், செத்துப் பல வருஷம் ஆகிறது. திருத்தினேன். "தெரியும் தெரியும், சும்மா கூப்பிட்டேன்" என்றார்.

நடிப்பு. அனுதாபம் தேடுகிறார்.


ஏப்ரல் 15, வியாழன்

கொட்டகையில் ஒத்திகை நடக்கிறது. கேட்பவர் கோவேறு கழுதை ஒன்றுதான். பால் கறக்கப் போனவள் கதவோரம் நின்று கேட்டேன்.

"அந்தக் குளிர்காலம் முழுக்க..." நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. "கனம் பொருந்திய நடுவர்களே... அந்தக் குளிர்காலம் முழுக்க..." மறுபடி அதே இடம். "தொண்டை" என்ற சொல்லுக்கு முன்னால் வண்டி நின்றுவிடுகிறது. கழுதையின் கழுத்தைத் தடவினார். "என்னடா அது? சொல்லுடா" என்றார்.

உள்ளே போகவில்லை. சந்தோஷப்பட்டேனா? பட்டேன். கொஞ்ச நேரம். பிறகு பால் வாளியைத் தட்டிவிட்டேன்.


ஏப்ரல் 23, வெள்ளி

நாளை மத்தியானம். குறிப்பு தயார். கறுப்பு உடைக்கு இஸ்திரி போட்டாயிற்று. அவர் கோட்டையும் நானேதான் போட்டேன். வேறு யார் போடுவார்?


ஏப்ரல் 24, சனி

அப்பா தூங்கட்டும் என்று காத்திருந்தேன். தூங்கிவிட்டார். எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. சன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். கைக்குழந்தைக்காரிகள், புகையிலை மெல்லுகிறவர்கள், வான்ஹூக் ஆஷ்வில்லிலிருந்து இரண்டு காரில் கூட்டிவந்த வெள்ளைத் தொப்பிக்காரர்கள். மலைக்காரர்கள் விவாதிப்பதைப் பார்க்க வந்தார்களாம், கரடி வித்தை பார்க்க வருவதுபோல. ஓலன் கையில் கடிகாரமும் மாட்டு மணியும் வைத்துக்கொண்டு பெரிய மனுஷனாக உட்கார்ந்திருந்தான்.

அப்பா எழுந்தார். கட்டைவிரல்களை உள்கோட்டுப் பையில் செருகினார். கைதட்டல். "கனம் பொருந்திய நடுவர்களே! அந்தக் குளிர்காலம் முழுக்க..."

நின்றது.

மறுபடி சொன்னார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை சத்தம்கூட வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசிய மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வான்ஹூக் வெள்ளைத் தொப்பிகளின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஸ்கொயருக்கே தொண்டை கட்டிப்போச்சு போலிருக்கு! எங்கய்யா அந்தத் தேன் ஜாடி?"

தொப்பிகள் சிரித்தன. ஊரும் சிரித்தது. நாற்பது வருஷமாக அதானே அதானே என்றவர்கள்தான் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், தான்தான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

ஓலன் என்னைப் பார்த்தான். "ஆர்ஃபா, உன் முறை. அந்தக் கட்சி ஒண்ணும் சொல்லல. நீ எழுந்து நின்னாலே ஜெயிச்சாச்சு."

எழுந்தேன். குறிப்பு கையில் இருந்தது. தாத்தாவின் வயது இருந்தது. மார்ஷல் இருந்தது. எல்லாமே இருந்தன. ஆனால் வான்ஹூக் காலை ஆட்டிக்கொண்டு, தங்கக் கடிகாரத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை மட்டம் தட்ட எனக்கு உரிமை உண்டு. சோறாக்கிப் போட்டுச் சம்பாதித்த உரிமை. பாறையை ரோஜாத் தோட்டம் என்று விற்கும் இந்த ஆளுக்கு என்ன உரிமை?

"விதிப்படி எதிராளியோட வாதத்த முதல்ல சொல்றேன்" என்றேன்.

"என்ன வாதம்? அவர்தான் ஒண்ணுமே சொல்லலியே!" என்றார் வான்ஹூக்.

"நாற்பது வருஷமா சொல்லிட்டிருக்கார். நீங்க இப்பத்தானே வந்தீங்க."

இடுப்புப் பட்டியில் கட்டைவிரலைச் செருகினேன். ஆரம்பித்தேன். "அந்தக் குளிர்காலம் முழுக்க நம்ம மெம்பருக்குத் தொண்டை கட்டிப்போச்சு!"

தானாக வந்தது. ஒரு சொல் தவறவில்லை. வெறுத்து வெறுத்துக் கேட்டதெல்லாம் உள்ளேயே தங்கியிருக்கிறது. தேன் ஜாடி, பனி, கழுதை கால் இடறிய இடம், ஆற்றைக் கடந்தபோது ஜாடியைத் தலைமேல் தூக்கிய இடம், எல்லாம் அந்தந்த இடத்தில். எங்கே குரல் ஏறும், எங்கே இறங்கும் என்று என் தொண்டைக்குத் தெரிந்திருந்தது. ஆற்றைக் கடக்கும்போது சன்னலில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். வெள்ளைத் தொப்பிக்காரி ஒருத்தி கைதட்டினாள். எனக்கு அது நன்றாக வந்தது. இதை மறைத்து என்ன பயன், எனக்குப் பிடித்தும் இருந்தது. என்ன கேவலம்! லத்தீன் படித்து, அகராதிகள் வாங்கி, கடைசியில் என்னிடம் இருந்தது இந்தப் பங்க்தான்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அறிந்த பாட்டைக் கேட்பதுபோல.

கடைசி இடம் வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதி முழுதாகச் சொல்லச் சொல்கிறது. விதிதான் காரணமா? தெரியவில்லை. குரலைத் தாழ்த்தினேன். "என் டெல்ஃபி கண்ண மூடின அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசல. அவ கை என் கைக்குள்ள இருந்துச்சு. நான் பேசினதுலயே பெரிய பேச்சு அதுதான்."

பெண்கள் கண் துடைத்தார்கள். எனக்கு வாய் கசந்தது. அவர் பக்கம் திரும்பினேன். "ஸ்கொயர், உங்கள் வாதம் இதுதானா?"

அவர் எழுந்திருக்க நேரமாயிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில சொன்னது இல்ல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. போதகர் ஹைரம் முன்னால் குனிந்தார். "என்ன ஸ்கொயர்?"

"நான் அங்க இல்ல. மார்ஷல்ல இருந்தேன். மேடையில நின்னுட்டிருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டான், நான் போகல. கையப் பிடிச்சிட்டிருந்தது ஆர்ஃபா." கொஞ்சம் யோசித்தார். "மத்ததெல்லாம் நான் சொன்னதுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

என்னுடைய மறுப்பு கையில் மடிந்தபடியே இருந்தது. பதினைந்து வருஷமாகத் தீட்டி வைத்திருந்தேன். அவரே இரண்டு வரியில் செய்துவிட்டார். செய்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

நடுவர்கள் தலைகளை ஒட்டவைத்துக்கொண்டு பேசினார்கள். எதிராளி முழுதாக ஒப்புக்கொள்ளாததால் மறுக்க இடமில்லை, ஸ்கொயர் கட்சிக்கே வெற்றி, மூவரும் ஒருமனதாக. இந்தப் பள்ளத்தாக்கு இதுவரை கேட்டதிலேயே சிறந்த பேச்சு என்றார் போதகர். பேசியது யார் என்று அவருக்கே குழப்பம். ஓலன் மாட்டு மணியை ஆட்டினான். அவன் கண் சிவந்திருந்தது.

வண்டியில் வரும்போது பாதி வழியில் அப்பா சொன்னார்: "நல்லா பேசின, பொண்ணே. ஆத்தங்கரையில மட்டும் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி."


ஏப்ரல் 25, ஞாயிறு

அம்மா கடைசியாகக் கேட்டதை அவரிடம் சொல்லவேண்டுமா? கேட்டால் சொல்வேன். கேட்கவில்லை.


மே 1, சனி

மத்தியானம் கேட்டார். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம்.

"அவ ஏதாவது சொன்னாளா?"

"இன்னும் பேசிட்டிருக்காரான்னு கேட்டாங்க."

ஒரு பீன்ஸை உரித்தார். அதையே மறுபடி உரித்தார். நான் பூசி மெழுகவில்லை. உண்மையைச் சொன்னால் லேசாகிவிடும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் பங்க்.


மே 12, புதன்

வான்ஹூக்கின் புத்தகம் வந்துவிட்டது. வழவழ தாள். அட்டையில் இல்லாத ஏரி ஒன்றின் படம். உள்ளே தொண்டை கட்டிய குளிர்காலம், தேன் ஜாடி, கோவேறு கழுதை எல்லாம் ஆதாரபூர்வமான வரலாறு என்ற தலைப்பில். ஒஹையோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, நிம்மதியாக இரண்டு மனை வாங்கினாராம். செங்குத்து எப்படி இருந்தது என்று கேட்க ஆசை.

ஆட்சேபித்து எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். தாத்தாவின் வயதைச் சொன்னால் ஒரு வரியில் விழுந்துவிடும். வைத்துவிட்டேன். படித்து நம்புகிறவனுக்கு வேண்டியதுதான் அது.

அப்பா நீதிபதிப் பதவிக்கு ஜூன் தேர்தலில் நிற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்கொயர் பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்ற இங்கே யாருக்கும் தெரியாது.


மே 23, ஞாயிறு

இன்று கல்லறை அலங்கார நாள். காலையிலேயே ஊர் கூடி மண்ணைக் குவித்து, களை பறித்து, காகிதப் பூவும் நிஜப் பூவும் வைத்தாயிற்று. மரத்தடியில் பலகைகளைச் சேர்த்து விருந்து. பன்றித்தொடை, பீன்ஸ், ஆப்பிள் அடுக்குக் கேக். செத்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல உத்தமர்கள். ஓலனின் மாமா உயிரோடு இருந்தபோது குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்த இடத்திலேயே, அவர் பக்தி பற்றிப் போதகர் உருகினார்.

பிறகு எல்லாரும் ஸ்கொயரைப் பார்த்தார்கள். வருஷா வருஷம் கடைசிப் பேச்சு அவருடையது. தொப்பிகளைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அப்பா அம்மாவின் கல்லருகே நின்றார். கட்டைவிரல் உள்கோட்டுப் பைக்குப் போகவில்லை. தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மறுபடி நின்றுவிட்டதா? எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அவர் கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"நீங்கெல்லாம் சாப்பிடப் போங்க" என்றார் கூட்டத்திடம். "நான் பேசப்போறது உங்ககிட்ட இல்ல."

சிலர் சிரித்தார்கள். பழைய கதையை வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக மரத்தடிக்கு நகர்ந்தார்கள். நானும் போனேன்.

அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது. தலையில் தொப்பி இல்லை, வெயில் சரியாக மண்டையில் அடித்தது. பேசிக்கொண்டிருந்தார். கையை வீசவில்லை. இடையிடையே நிறுத்தினார், யோசித்தார், மறுபடி தொடங்கினார். அந்த மனிதருக்கு அவ்வளவு மோசமாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நான் நிற்கவில்லை.

இரண்டாம் பந்தியும் முடிந்துவிட்டது. ஓலன் கேக்கை மென்றுகொண்டே கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"இன்னும் பேசிட்டிருக்காரா?"

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பேசட்டும்" என்றேன். அவருக்கு ஒரு தட்டில் எடுத்து ஈ மொய்க்காமல் மூடி வைத்தேன்.